எனக்கு ஓட்டுப் போடாதீங்க

சட்டமன்றத் தேர்தலில் நான் ஒருமுறை வேட்பாளராக நின்றிருக்கிறேன். சொன்னால் பாதிப் பேர் நம்புவதில்லை. நம்புகிற மீதிப் பேர் "எத்தனை ஓட்டு வாங்கினீங்க?" என்று கேட்டுவிட்டு, பதில் வருவதற்கு முன்பே சிரிக்கத் தயாராகிவிடுகிறார்கள். சிரிக்கட்டும். தப்பான இடத்தில் சிரிக்கிறார்களே என்பதுதான் என் வருத்தம்.

நான் படகு என்ஜின் மெக்கானிக். புன்னைக்காயலிலிருந்து கரையோரமாகவே நடந்தால் தட்டுப்படுகிற சின்ன ஊர் எங்களுடையது. ஒரு மாதா கோயில், மீன் ஏலக் கூடம், என் ஒர்க்ஷாப், மூன்று தெரு, அவ்வளவுதான். அரசியலோடு எனக்கிருந்த தொடர்பெல்லாம், பிரச்சார வேனில் ஜெனரேட்டர் படுத்துவிட்டால் என்னைத் தேடி வருவார்கள் என்பதுதான். எல்லாக் கட்சி ஜெனரேட்டரும் ஒரே மாதிரிதான் மக்கர் பண்ணும்.

எங்கள் பக்கம் ஓட்டுக் கேட்டு வருகிறவர்கள் முதலில் முத்தைப் பற்றித்தான் பேசுவார்கள். "முத்துக் குளித்த வீரப் பரம்பரையே!" என்று ஆரம்பித்து, கொற்கைக்குப் போய், பாண்டியன் காலத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுக் கடைசியில் எங்களிடம் வந்து சேர்வார்கள். எனக்குத் தெரிந்து எங்கள் ஊரில் ஒருத்தரும் முத்துக் குளித்ததில்லை. கொற்கையை விட்டுக் கடல் எப்போதோ ஓடிப்போய்விட்டது, அங்கே இப்போது வாழை நிற்கிறது. எங்கள் ஊரிலோ கடல் வீட்டுக்குள் வரப் பார்க்கிறது. இதில் நாங்கள் எதற்குப் பெருமைப்பட வேண்டும் என்று பல கூட்டங்களில் நின்று யோசித்திருக்கிறேன்.

ஊருக்கு வேண்டியது தூண்டில் வளைவு. கரையிலிருந்து கடலுக்குள் பாறாங்கற்களைக் கொட்டி, தூண்டில் முள் மாதிரி வளைத்துக் கட்டுவார்கள். அலை அதில் மோதி வேகம் குறையும், கரை தப்பிக்கும். பக்கத்து ஊருக்குக் கட்டிக் கொடுத்தார்கள். அதன்பிறகு அங்கே போய் அடிக்க வேண்டிய அலையும் சேர்ந்து எங்களிடம் வந்தது. அப்போதிருந்த எம்.எல்.ஏ., நான் நின்றதற்கு முந்தின தேர்தல் சமயத்தில் நேரில் வந்து எங்கள் ஊருக்கும் அடிக்கல் நாட்டினார். பளிங்கில் பெயர் வெட்டிய அழகான கல். அந்த வருஷ வாடைக் காற்றில் கடல் அதை இழுத்துக்கொண்டு போய்விட்டது. கணக்குப்படி பார்த்தால் எங்கள் தூண்டில் வளைவுக்காகக் கடலுக்குள் விழுந்த முதல் கல் அதுதான். கடைசிக் கல்லும் அதுதான்.

கடலோரத் தெருவில் கடைசி வீடு என் அக்காவுடையது. அத்தான் இறந்தபிறகு கருவாட்டு வியாபாரம் பண்ணித் தனியாக இருக்கிறாள். அவள் அடுப்படிச் சுவருக்கும் கடலுக்கும் நடுவில் ஒரு காலத்தில் ஐந்து வள்ளங்களை வரிசையாக ஏற்றி வைப்பார்கள். அந்தத் தேர்தல் வந்தபோது ஒரு வள்ளத்துக்குத்தான் இடம் மிச்சம். சுவரில் மேலிருந்து கீழ்வரை ஒரு வெடிப்பு. முதலில் அதில் அக்கா சீப்பைச் செருகி வைத்தாள். ஒரு வருஷத்தில் டார்ச் லைட்டை வைக்கிற அளவுக்கு அது அகலமாகிவிட்டது. என் வீடு கோயிலுக்குப் பின்னால், மேட்டில் இருக்கிறது. வந்து எங்களோடு இரு என்று எத்தனையோ முறை கூப்பிட்டிருக்கிறேன்.

"ஏலே, உம் பொண்டாட்டி அடுப்படியில ரெண்டு பொம்பளைங்க நிக்க முடியாது. என் அடுப்படி நிக்க வழியிருந்தாப் பாரு. இல்லன்னா சும்மா கெட," என்பாள்.

நான் வேட்பாளர் ஆனதற்குக் காரணம் அந்த அடுப்படிதான். ஆனால் நானாகப் போய் ஆகவில்லை.

தேர்தல் அறிவித்த வாரத்தில் ஊர்க் கமிட்டி கூடியது. ஊர்த் தலைவர் ஒரு யோசனை சொன்னார். நம் ஊர் ஓட்டு மொத்தமாக விழுகிற ஓட்டு. நாமே ஒருத்தரை சுயேச்சையாக நிறுத்துவோம். பெரிய கட்சிக்காரர்கள் ரெண்டு பேருக்கும் வயிற்றைக் கலக்கும். எவர் ஊருக்கு வந்து தூண்டில் வளைவு கட்டித் தருகிறேன் என்று எழுதிக் கையெழுத்துப் போடுகிறாரோ, அவருக்காக நம் ஆள் வேட்புமனுவை வாபஸ் வாங்கிக்கொள்வார். எல்லாரும் கைதட்டினார்கள். யார் நிற்பது என்று கேட்டதும் கைதட்டல் நின்றுவிட்டது.

எங்கள் ஊரில் யாரும் தானாக முன்வராத காரியத்துக்கு ஒரு வழி உண்டு. கரைவலை இழுக்க எந்த நாள் எந்தக் குடும்பத்துக்கு என்பதைக் கடற்கரையில் சின்னக் கோயிலாக இருக்கிற குருசடியில், மாதா முன்னால் ஓலைப்பெட்டியில் சீட்டுக் குலுக்கித்தான் முடிவு செய்வோம். கோயில் உபதேசியார் கண்ணை மூடிக்கொண்டு எடுப்பார். விழுந்த சீட்டைத் திருப்பிக் கொடுக்கக்கூடாது, மாற்றிக்கொள்ளவும் கூடாது. ஒருத்தன் மாற்றிக்கொண்டான், அந்த வருஷம் முழுக்க அவன் வலையில் தொட்டால் அரிக்கிற சொறி மீனாகவே விழுந்தது என்று இன்றைக்கும் சொல்லுவார்கள். அந்தக் கதை உண்மையா என்று யாரும் விசாரித்ததில்லை. அதே ஓலைப்பெட்டியில் எங்கள் பெயர்களை எழுதிப் போட்டார்கள். கமிட்டிக்காரர்கள் பெயரை மட்டும் போடவில்லை. நிர்வாக வேலை இருக்கிறதாம்.

என் பெயர் வந்தது. வலைச்சீட்டில் ஒருநாளும் எனக்கு வந்ததில்லை.

என் வீட்டுக்காரி மூன்று நாள் என்னோடு பேசவில்லை. பிறகு மனுவில் ஒட்டுவதற்காக ஸ்டூடியோவில் எடுத்த படத்தைப் பார்த்துச் சமாதானமானாள். நீலச் சட்டை, படிய வாரிய தலை, கிரீஸ் இல்லாத முகம். கல்யாணப் படத்தில்கூட நான் அவ்வளவு லட்சணமாக இருந்ததில்லை. ஊர்க்காரர் பத்துப் பேர் முன்மொழிந்து கையெழுத்துப் போட, மனுத் தாக்கல் ஆனது, பரிசீலனையில் ஏற்கவும் பட்டது.

திட்டம் வேலை செய்யவும் செய்தது, அதுதான் பெரிய அதிசயம். எம்.எல்.ஏ. ஆள் அனுப்பி, கல் ஏற்கெனவே நாட்டியாச்சே என்று கேட்டார். எதிர்த்து நின்றவர் நேரிலேயே வந்தார். அவர் பொதுப்பணித் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற என்ஜினியர். கூட்டம் சேர்க்காமல் ஒருநாள் காலையில் பைக்கில் வந்து, டேப் வைத்துக் கரையை அளந்தார். அக்கா வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, வெடிப்புக்குள் விரலை விட்டுப் பார்த்தார். "இன்னும் ரெண்டு மழைக்காலம் தாங்கும்மா. அதுக்கு மேல தாங்காது," என்றார். பொய்யாக ஆறுதல் சொல்லவில்லை. அக்காவுக்கு அவரைப் பிடித்துப்போனது. முத்தைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கும் பிடித்துப்போனது.

மனுவை வாபஸ் வாங்கக் கடைசி நாள், பிற்பகல் மூன்று மணி வரைக்கும் நேரம். என்ஜினியர் பன்னிரண்டு மணிக்கே வந்துவிட்டார். படம் வரைந்து, எங்கே எவ்வளவு கல் என்று எழுதிய பத்திரம் கையில் இருந்தது. கையெழுத்துப் போட்டால் முடிந்தது. ஆனால் ஊருக்கு வந்த விருந்தாளியை அப்படி மொட்டையாகக் கையெழுத்து வாங்கி அனுப்ப எங்கள் ஊருக்குத் தெரியாது. முதலில் கோயிலுக்குக் கூட்டிப்போனோம். பிறகு மேளம். பிறகு கற்கண்டும் சந்தனமும். பிறகு பொன்னாடை. தலைவர் ஒன்று போர்த்தினார். முன்னாள் தலைவர் எனக்கு மரியாதை இல்லையா என்றார், அவரும் ஒன்று போர்த்தினார். கமிட்டியில் பதினோரு பேர். ஏழாவது பொன்னாடைக்கு மேல் மனிதர் வெயிலில் வியர்த்து ஊற்றிக்கொண்டு நின்றார். "தலைவரே, மணியப் பாரும்!" என்று நான் கத்தினேன்.

"பொறுலே. பெரிய மனுசன அவமானப்படுத்திட்டு என்ன ஓட்டு, என்ன வளைவு?" என்றார் தலைவர்.

பதினோராவது ஆள் பேச்சும் பேசினார். கையெழுத்து விழுந்தபோது மணி இரண்டு நாற்பது. பைக்கை நான் எப்படி ஓட்டினேன் என்று மாதாவுக்குத்தான் தெரியும். தேர்தல் அலுவலகத்துக்குள் ஓடியபோது அதிகாரி கோப்பைக் கட்டிக்கொண்டிருந்தார். சுவர்க் கடிகாரத்தைக் காட்டினார், மூன்று எட்டு. எத்தனை கெஞ்சியும் நடக்கவில்லை. "வாங்க, சின்னம் குடுக்கணும்," என்றார்.

படகுச் சின்னத்தை இரண்டு பேர் கேட்டிருந்தோம். குலுக்கிப் போட்டார்கள். அது பனங்காட்டுப் பக்கத்திலிருந்து வந்த ஹார்டுவேர் கடை அண்ணாச்சி ஒருவருக்குப் போய்விட்டது. அவர் ஊர்க் குளத்திலேயே தண்ணீர் கிடையாது. எனக்குக் கிடைத்தது இஸ்திரிப் பெட்டி. ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கும் கசங்கிய சட்டையோடே போகிற ஊருக்கு இஸ்திரிப் பெட்டி! ஊருக்குத் திரும்பியபோது கமிட்டி பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தது. விஷயத்தைச் சொன்னதும் தலைவர் தாடையைத் தடவினார்.

"அதுக்கென்ன? ஒனக்குப் போட வேண்டாம்னு சொல்லிட்டாப் போச்சு," என்றார்.

யார் சொல்வது? கோயில் மைக்கில் அரசியல் பேசக்கூடாது என்பது தேர்தல் விதி, பங்குச் சாமியார் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். கமிட்டிக்காரர்களுக்கு நிர்வாக வேலை. கடைசியில் நானே வீடு வீடாகப் போனேன். கைகூப்பிக்கொண்டு, "அண்ணாச்சி, எனக்கு ஓட்டுப் போடாதீங்க. என்ஜினியருக்குப் போடுங்க," என்றேன். நாட்டில் எத்தனையோ பேர் ஓட்டுக் கேட்டுத் தோற்றிருப்பார்கள். ஓட்டு வேண்டாம் என்று கேட்டுத் தோற்றவன் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன்.

முதல் வீட்டிலேயே சனியன் ஆரம்பித்துவிட்டது. வலைக்காரர் ஒருவர், எனக்கு மச்சான் முறை, திண்ணையில் உட்கார்ந்தபடி என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"மாப்ள, ஓட்டு வேணும் வேணும்னு வந்தவனுக்கெல்லாம் போட்டு என்னத்தக் கண்டோம்? வேண்டாம்னு சொல்லுத மொத ஆளு நீதான். ஒனக்குப் போடாம வேற எவனுக்குப் போட?"

"மச்சான், நான் ஜெயிக்க மாட்டேன். ஓட்டு வீணாப் போவும். தூண்டில் வளைவு போயிரும்!"

"ஜெயிக்கது தோக்கது நம்ம கையிலயா இருக்கு? மாதா முன்னால விழுந்த சீட்டு மாப்ள. மாத்துனா என்ன ஆவும்னு தெரியும்லா?"

இதுதான் எங்கள் ஊர். சீட்டுக் குலுக்கியது கட்சிக்காரர்களைப் பயமுறுத்துவதற்காக என்பது எல்லாருக்கும் தெரியும். அந்தத் தந்திரத்துக்குக் கைதட்டியவர்களும் அவர்கள்தான். ஆனால் சீட்டு விழுந்த இடம் குருசடி. விழுந்தது விழுந்ததுதான். மனுவை வாபஸ் வாங்கியிருந்தால் சீட்டே இல்லாமல் போயிருக்கும், மாதாவும் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டாள். மெஷினில் என் படம் இருக்கும்போது வேறு ஆளுக்குப் போடுவது எப்படி? நான் கெஞ்சக் கெஞ்ச என் மதிப்பு ஏறிக்கொண்டே போனது. ஒரு வீட்டில் ஆரத்தி எடுத்தார்கள். எனக்கு வந்த ஆத்திரத்துக்குத் தட்டைப் பிடுங்கி எறிந்திருப்பேன். "என்ன பணிவு பாத்தியாளா!" என்று ஒரு பெண் இன்னொருத்தியிடம் சொன்னது காதில் விழுந்தது.

வீடியோ கேமராவோடு தேர்தல் பறக்கும் படையும் வந்து சேர்ந்தது. அதிகாரி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "நீங்க வேட்பாளரா, இல்ல வேட்பாளருக்கு எதிரா?" என்று கேட்டார்.

"ரெண்டும் சார்."

"ரெண்டுக்கும் சேத்துப் பர்மிஷன் வாங்கியிருக்கீங்களா?" என்றார். நான் வாங்கியிருக்கவில்லை.

நான் சொன்னதைச் சொன்னபடியே கேட்டுக்கொண்டவள் அக்கா மட்டும்தான். கருவாட்டைத் திருப்பிப் போட்டுக்கொண்டே கேட்டாள். "அப்போ ஒனக்குப் போடக்கூடாது. அந்த டேப்பு வச்சு அளந்தவருக்குப் போடணும். அப்படித்தான?" என்றாள். ஆமாம் என்றேன். "மாதா சீட்டுன்னு எல்லாரும் சொல்லுதாவளே," என்றாள். மாதாவுக்கும் உன் அடுப்படி நிற்கணும் என்றுதான் இருக்கும் அக்கா என்றேன். அவள் கடலைப் பார்த்துவிட்டுச் சரி என்றாள்.

வாக்குப்பதிவு நாளன்று ஊர் முழுக்கக் கடலுக்குப் போகாமல் பள்ளிக்கூட வாசலில் வரிசையில் நின்றது. சிலர் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு வந்திருந்தார்கள். யாருக்குப் போடப்போகிறார்கள் என்று அதிலேயே தெரிந்துபோனது. அக்கா எனக்கு முன்னால் போய்ப் போட்டுவிட்டு வந்தாள். என் முறை வந்தது. அட்டை மறைப்புக்குள் குனிந்தேன். பட்டனை அமுக்கினேன். பீப் என்றது. விரலில் மையோடு வெளியே வந்தேன், எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள்.

எண்ணிக்கை நாளில் வேட்பாளர் என்ற முறையில் எனக்கும் உள்ளே நிற்க அனுமதி இருந்தது. சுற்றுக்குச் சுற்று என்ஜினியரும் எம்.எல்.ஏ.வும் மாறி மாறி முன்னால் போனார்கள். எங்கள் ஊர் மெஷின் வந்தபோது நான் மேசைக்கு முன்னாலிருந்த கம்பி வலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எம்.எல்.ஏ.வுக்கு அவருடைய கட்சிக்காரர்கள் வீட்டு ஓட்டு மட்டும். என்ஜினியருடைய கட்சிக்கு எங்கள் ஊரில் கிளை கிடையாது, ஏஜெண்டையே பக்கத்து ஊரிலிருந்துதான் கொண்டுவந்திருந்தார்கள். அவருக்கு விழுந்தது ஒரே ஒரு ஓட்டு. மற்றதெல்லாம் இஸ்திரிப் பெட்டி.

கடைசியில் என்ஜினியர் தோற்றார். எங்கள் ஊரில் எனக்கு விழுந்ததில் பாதி அவருக்கு விழுந்திருந்தால் ஜெயித்திருப்பார். வெளியே போகும்போது என் தோளில் கையை வைத்தார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "உங்க ஊர்ல உங்க மேல நல்ல மரியாத," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

ஊரில் எனக்கு மாலை. டெபாசிட் போனது பற்றி யாருக்கும் கவலையில்லை. அந்த ஒற்றை ஓட்டுதான் அன்றைய பேச்சு. யார் போட்டிருப்பார்கள் என்று யாரும் மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை. நான்தான் என்று அவர்களே முடிவு பண்ணிவிட்டார்கள். "சொன்னான், சொன்னபடியே தன் ஓட்டையும் அந்த மனுசனுக்குப் போட்டான் பாரு!" என்று தலைவர் ஏலக் கூடத்தில் வைத்துச் சொன்னார். கமிட்டியில் எனக்கும் ஒரு பொன்னாடை போர்த்தினார்கள். பன்னிரண்டாவது. நான் அதை மறுக்கவில்லை. தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டேன். கூட்டத்தில் அக்காவும் நின்றாள். பார்த்துவிட்டுக் கருவாட்டைத் திருப்பிப் போடப் போய்விட்டாள்.

ஜெயித்த எம்.எல்.ஏ. நன்றி சொல்ல வந்தார். முத்துக் குளித்த பரம்பரையைப் புகழ்ந்துவிட்டுப் புதிதாக இன்னொரு அடிக்கல் நாட்டினார். இந்த முறை முன்யோசனையோடு ரோட்டோரம், கடல் எட்டாத இடத்தில் நாட்டினார். அது இன்னும் பத்திரமாக இருக்கிறது.

இரண்டு மழைக்காலம் தாங்கும் என்று என்ஜினியர் சொன்னது சரியான கணக்கு. இரண்டாவது வாடையில் ஒருநாள் காலை அடுப்படியின் கடல் பக்கத்துச் சுவர் உட்கார்ந்துவிட்டது. நான் ஒர்க்ஷாப்பைப் போட்டுவிட்டு ஓடினேன். அடுப்புக்கு நேர் எதிரே, சுவர் இருந்த இடத்தில், கடல் தெரிந்தது. அக்கா பாத்திரங்களை ஒவ்வொன்றாக முற்றத்துக்கு எடுத்துக்கொண்டிருந்தாள். அழவில்லை. மிச்சமிருந்தது அம்மிக்கல். இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் குனிந்தோம். அப்போதுதான் கேட்டாள்.

"ஏலே, அன்னைக்கு அந்த என்ஜினியருக்கு நம்ம ஊர்ல எத்தன ஓட்டு?"

"ஒண்ணுக்கா."

"அது நான் போட்டது," என்றாள். என் முகத்தை அவள் பார்க்கவில்லை, அம்மியைத்தான் பார்த்தாள். "நீயும் போட்டிருந்தா ரெண்டுல்லா வந்திருக்கணும்?"

அன்றைக்கு அந்த அட்டை மறைப்புக்குள் குனிந்தபோது, என்ஜினியரின் பட்டன் மேல்தான் முதலில் விரலை வைத்தேன். ஆனால் இரண்டு வரிசை கீழே நீலச் சட்டையில், தலை வாரி, கிரீஸ் இல்லாமல் நான் இருந்தேன். ஊரே வெளியே எனக்காக வரிசையில் நின்றது. என்ன தோன்றியதோ, சத்தியமாக இன்றைக்கும் தெரியவில்லை. மாதா சீட்டு என்று நான் நம்பினேன் என்றாவது சொல்லலாம், அதுவும் பொய். இஸ்திரிப் பெட்டியை அமுக்கினேன். அவமானத்தில் இதை எழுதும்போதும் காது சுடுகிறது.

நான் அம்மியின் அடியில் கையைக் கொடுத்தேன். அலை உள்ளே வந்து அடுப்பு மேடையின் காலை நனைத்துவிட்டுப் போனது.

"சரி, நல்லாப் பிடி. கால்ல போட்டுக்கிடாத," என்றாள் அக்கா. அம்மியைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கு நடந்தோம்.